எந்த மரக்காலில் அளந்த சோறு?



எந்தத் தோழரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவர் எந்தக் கூட்டத்தையும் "எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டுத்தான் தொடங்குவார். அதை நாங்கள் வெறும் உபசரிப்பு என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். அது ஒரு கணக்கெடுப்பு என்பது பிறகுதான் புரிந்தது. சாப்பிட்டேன் என்று சொன்னவர்களை விடமாட்டார். என்ன சாப்பிட்டாய், அரிசி எங்கே வாங்கியது, யார் வீட்டு வேலைக்குப் போன கூலி என்று கேட்டுக்கொண்டே போவார். அவர் கேட்ட அந்தக் கேள்வியை வரலாற்றை நோக்கிக் கேட்டுப் பார்ப்பதுதான் இந்த உரை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நாலைந்து பேர் டெல்டாவில் ஒரு பாரம்பரிய நெல் திருவிழாவுக்குப் போனோம். எங்களோடு எங்கள் பக்கத்து ஆயா ஒருவரும் வந்திருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நாற்று நட்டவர். மண்சட்டிகளில் விதைநெல் வரிசையாக வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், கருப்புக் கவுனி என்று ஒவ்வொன்றின்மேலும் சீட்டு. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சீட்டைப் பார்க்காமலே நெல்லைக் கையில் அள்ளிப் பாதிக்கு மேல் பெயர் சொன்னார். மேடையில் ஒருவர், நம் முன்னோர் இந்த அரிசியைத் தின்றுதான் திடமாக இருந்தார்கள், நாம் அதை மறந்துவிட்டோம் என்று பேசிக்கொண்டிருந்தார். ஆயா எங்கள் பக்கம் திரும்பி, "இத நட்டுருக்கேன், அறுத்துருக்கேன், அடிச்சுத் தூத்திருக்கேன். தின்னது இல்ல" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "இதுக்கு இப்ப என்ன கூலி குடுக்குறாங்களாம்?" என்று கேட்டார். அந்த அரங்கில் அரிசியின் விலை எழுதியிருந்தது, மருத்துவக் குணம் எழுதியிருந்தது, விதை கொடுத்த உழவரின் பெயர் எழுதியிருந்தது. கூலி மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

நஞ்சில்லா உணவு, நீடித்த வேளாண்மை, நம் தட்டுக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்ற அக்கறை எல்லாம் இன்று நகரத்துப் படித்தவர்களிடம் பரவியிருக்கிறது. அதை நாங்கள் கேலி செய்ய வரவில்லை. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதிலும், நெல் ஜெயராமன் நூற்றுக்கு மேற்பட்ட நெல் வகைகளைத் தேடிச் சேர்த்ததிலும் உண்மையான உழைப்பு இருக்கிறது. எங்கள் பிள்ளைகளும் அந்த விதைகளை வாங்கி வருகிறார்கள். எங்கள் குறை வேறு. உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர்கள் மண்வரைக்கும் போய் நின்றுவிடுகிறார்கள். மண்ணில் குனிந்திருந்த ஆள்வரைக்கும் வருவதில்லை.

அந்த ஆளின் பக்கமிருந்து கணக்கைத் தொடங்குவோம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வாசித்தவர்களுக்குத் தெரியும். இராசராசன் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக் கணக்கில், வரி விதிக்க முடியாத நிலம் என்று சிலவற்றைக் கழித்து எழுதியிருக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் அதில் வருகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் கணக்கில் வந்திருக்கிறோம், கழிக்கப்பட வேண்டிய இடமாக. அதே கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவனின் பெயர் இருந்தது. கோயிலுக்கு வரவேண்டிய நெல் ஒரு மணிகூடக் குறையக்கூடாது என்பதற்காகப் பெயரிட்டு, கல்லில் வெட்டி, அளவை நிலைநிறுத்தினார்கள். சேரிக்கு அளந்த மரக்காலுக்குப் பெயர் கிடையாது. சோழர் கால நீர் மேலாண்மையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் கூட்டங்களில் இந்த இரண்டு தகவலையும் சேர்த்து யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பண்ணையாள் முறை என்பது சோறு போட்டு ஆளைக் கட்டிவைக்கும் முறை. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை முறையைச் சட்டத்திலிருந்து எடுத்தது. தஞ்சை வயல்களில் அதன்பிறகும் ஒரு நூற்றாண்டு ஆண்டையும் ஆளும் இருந்தார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு அப்பனும், அப்பன் கடனுக்கு மகனும் ஒரே பண்ணையில் உழைத்தார்கள். கூலி நெல்லாகத்தான். அதுவும் களத்தில் தூற்றி முதல் தரமாக விழுந்த நெல் அல்ல, கருக்காயும் பதரும் கலந்தது. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று பண்ணைகளில் இரண்டு மரக்கால் இருந்ததை எங்கள் தாத்தாக்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கிற மரக்காலின் அடிப்பலகை மேலே ஏறியிருக்குமாம். 1940களில் கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கம் காலூன்றியபோது, சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கையோடு, முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் சேர்ந்து வந்ததற்குக் காரணம் இதுதான். முதுகில் விழுந்த அடியும் மரக்காலில் விழுந்த அடியும் எங்கள் பெரியவர்களுக்கு ஒன்றாகவே வலித்திருக்கிறது.

அந்த நெல்லும் நேராகச் சோறாகிவிடாது. பொழுது சாய்ந்து வேலை முடிந்தபின் பெண்கள் வாங்கி வந்து, காயவைக்க வெயில் இல்லாததால் சட்டியிலே வறுத்து, உரலில் குத்தி, புடைத்து, நொய்யையும் அரிசியையும் பிரித்துக் கஞ்சி வைப்பார்கள். பிள்ளைகள் அதற்குள் தூங்கியிருக்கும். எழுப்பி ஊட்டுவார்கள். கைக்குத்தல் அரிசியில் சத்து அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள், உண்மைதான். அந்தக் கையில் காய்ப்பு இருந்தது என்பதும் உண்மைதான். விடியற்காலையில் மறுபடி வயலுக்கு ஓட வேண்டும். கணவன் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, சட்டியில் மிச்சமிருந்த நீராகாரம்தான் குத்தியவளுக்கு. நம் வீட்டுக்குள்ளே இருந்த இந்தப் பந்தி வரிசையைப் பற்றியும் பேசாமல் ஆண்டையின் மரக்காலை மட்டும் பேசினால் அதுவும் அரைக் கணக்குத்தான்.

நாங்கள் சமூகவியல் படித்த நாட்களில் கும்பப்பேட்டை, ஸ்ரீபுரம் என்று இரண்டு ஊர்ப்பெயர்கள் அடிக்கடி வரும். இரண்டும் தஞ்சை மாவட்ட ஊர்களுக்கு ஆய்வாளர்கள் இட்ட புனைபெயர்கள். 1950களின் தொடக்கத்தில் கேத்லீன் கஃப் கும்பப்பேட்டையிலும், பத்தாண்டு கழித்து ஆந்த்ரே பெத்தேல் ஸ்ரீபுரத்திலும் கள ஆய்வு செய்தார்கள். பெத்தேல் தங்கியது அக்கிரகாரத்தில். அக்கிரகாரத்தில் தங்கினால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியாது. அந்தப் புத்தகத்தில் நிலவுடைமை இருக்கிறது, வாக்கு அரசியல் இருக்கிறது, சேரி அடுப்பின் புகை அவ்வளவாக இல்லை. கஃப்பின் எழுத்தில் கூலிநெல்லின் அளவும் பண்ணையாள் வாழ்க்கையும் விரிவாக வரும். ஆய்வாளர் எந்தத் தெருவில் சாப்பிட்டார் என்பதை வைத்தே புத்தகம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்று நாங்கள் அப்போது விளையாட்டாகப் பேசிக்கொள்வோம்.

கூலிநெல் போதவில்லை என்றால் மக்கள் எப்படி உயிரோடு இருந்தார்கள்? இங்கேதான் நாம் பெருமையாகவும் எச்சரிக்கையாகவும் பேச வேண்டிய இடம் வருகிறது. வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் கெண்டை, விரால், குறவை, அறுவடைக்குப்பின் எலி வளையை வெட்டி எடுத்த நெல், அந்த எலி, வரப்பில் முளைத்த பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, ஆரைக்கீரை. நிலம் ஆண்டையுடையது, ஆனால் வரப்பும் வாய்க்காலும் வளையும் யாரும் பட்டா போடாதவை. எலி வளையை எந்தப் பக்கமிருந்து தோண்டினால் கதிர் இருக்கும் அறைக்குப் போகலாம் என்று தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஒரு பெரிய வளையில் மரக்கால் கணக்கில் நெல் கிடைத்த கதைகளைக் கேட்டிருக்கிறோம். எலி சேர்த்த நெல்லில் பதர் இருக்காது. ஆண்டை அளந்ததைவிட எலி அளந்தது தரமானது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்று உணவு ஆர்வலர்கள் சாகுபடி செய்யாத உணவு என்று ஆய்வுப் பெயர் வைத்து இதையெல்லாம் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். நத்தை தின்றவன் என்று பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூப்பிட்டவர்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம்.

வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்றும் நமக்கு ஆலோசனை சொல்வார்கள். தோட்டம் போட வீட்டு மனை நம்முடையதாக இருக்க வேண்டும். 1891இல் செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைபற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையில் அழுத்திச் சொன்ன ஒன்று, குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம் என்பது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துவிடலாம். கொல்லையில் ஒரு முருங்கை வைக்கவும் அவனைக் கேட்க வேண்டும். தஞ்சையிலும் இதே கதைதான். குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. அதுவரை எங்கள் சனம் சுரைக்கொடியையும் பூசணிக்கொடியையும் கூரைமேல் ஏற்றிவிட்டது. தரைதான் ஆண்டையுடையது, கூரையில் வேய்ந்த கீற்று நம்முடையது. எங்கள் வட்டாரத்துச் சேரிகளின் கூரைச் சுரைக்காய்க்கு இப்படி ஒரு நில வரலாறு இருக்கிறது.

திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. முதல் பத்தாண்டுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம் என்று நிபந்தனை. அந்த நிபந்தனை எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை நிலங்களின் இன்றைய பட்டாவைப் பார்த்தால் தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். நீடித்த உணவு என்ற பேச்சில் இந்த இரண்டு பெயரும் வரவேண்டும் என்பது எங்கள் துணிபு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 2011 மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு. மண்ணே இல்லாதவனிடம் மண்புழு உரத்தைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவது?

பஞ்சத்தைப் பற்றியும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது வருசப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். தானியமே இல்லாததால் அல்ல. ரயில் ஓடியது, துறைமுகத்திலிருந்து தானியம் ஏற்றுமதியும் ஆனது. ஏழைக்கு வாங்கக் காசில்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். அன்றைய சுகாதார ஆணையர் கார்னிஷே இது உயிர்வாழப் போதாது என்று எதிர்த்தார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். இன்று அதன்மேல் பறக்கும் ரயில் போகிறது. அந்தப் பசிக்குத் தப்பிக் கப்பலேறியவர்கள் இலங்கையின் தோட்டங்களில் முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் பறித்தார்கள். உலகம் குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனாலும் நம் சேரிக்கு ஒரு வழி வந்து சேரும்.

மாட்டைப் பற்றிப் பேசாமல் நம் உணவைப் பற்றிப் பேச முடியாது. செத்த மாட்டைத் தூக்குவது கடமை, அதன் கறி கூலி என்று விதித்தார்கள். தூக்கியதாலும் தின்றதாலும் தீட்டு என்றும் அவர்களே சொன்னார்கள். 1927 மார்ச்சில் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளுவதற்குமுன் நடந்த மாநாட்டிலேயே, செத்த மாட்டின் கறியையும் ஊரார் போடும் மிச்சத்தையும் விட்டொழியுங்கள் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். இருபது ஆண்டு கழித்து, தீண்டப்படாதவர் யார் என்ற 1948ஆம் ஆண்டு நூலில், மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை வரலாற்றில் வைத்து விளக்கினார். நம் வீடுகளில் இந்த இரண்டும் இன்றும் முட்டிக்கொள்கின்றன. மாட்டுக்கறி எங்கள் பண்பாடு என்று சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். உப்புக்கண்டம் போட்டுக் கயிற்றில் காயவைத்ததை யாரும் பார்க்கக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் மறைத்த அம்மாக்களும் இருக்கிறார்கள். அந்த அம்மாக்களை அடிமை மனம் என்று திட்டுவது எளிது. எதைத் தின்பது என்பது ஆசையாக இல்லாமல் ஆணையாக இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். எங்கள் வீட்டு வறுத்த உப்புக்கண்டத்தின் ருசியை எழுத எங்களுக்கு ஆசைதான். எழுத உட்கார்ந்தால் அம்மாவின் முகம் வந்துவிடுகிறது.

மராத்தியில் சாஹு பாடோளே மராத்வாடாவின் மகார், மாங் வீடுகளின் சமையலை ஒரு நூலாகவே எழுதினார். 2015இல் வந்தது. புனேயில் ஷர்மிளா ரேகேயும் மாணவர்களும் தலித் உணவு நினைவுகளைச் சேகரித்து, இந்தத் தட்டு இந்தியாவுடையது இல்லையா என்று பொருள்படும் தலைப்பில் 2009இல் வெளியிட்டார்கள். தமிழில் தன்வரலாறுகளிலும் நாவல்களிலும் சோறும் கறியும் நிறைய வருகின்றன. அவற்றை ஒன்றாகக் கோத்து உணவு வரலாறாக எழுதும் வேலையில் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது. இந்த அமைப்பின் இளம் எழுத்தாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை என்று சொல்லிவைக்கிறோம்.

இப்போது வெண்மணிக்கு வருவோம். 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சை ஒன்று. உரம் வந்தது, கடன் வந்தது, ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் தங்களுக்கும் பங்கு என்று கூலிகள் கேட்டார்கள். அரைப்படி நெல் கூட வேண்டும் என்பது அந்தக் கேள்வியின் சுருக்கம். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று மிராசுதார்கள் தங்களுக்கு ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை நாங்கள் பலமுறை யோசித்திருக்கிறோம். நெல்லை உற்பத்தி செய்தவர்கள் வயலில் நின்றிருந்தார்கள், உற்பத்தியாளர் என்ற பெயர் வரப்பில் குடை பிடித்து நின்றவர்களுக்குப் போயிருந்தது. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து அறுத்தார்கள். செங்கொடியை இறக்கு என்றார்கள். எங்கள் மக்கள் இறக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் ஒண்டியிருந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கில் கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதாரர்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

மனுநூலை அம்பேத்கரும் தோழர்களும் மகாடில் எரித்த நாளும் ஒரு டிசம்பர் 25தான், 1927இல். நாள்காட்டியில் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்த தேதிகள். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் வெண்மணிக்குப் போய் நிற்கும்போது இரண்டு நெருப்பும் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

பசுமைப் புரட்சி மண்ணைக் கெடுத்தது என்று சொல்கிறவர்களோடு நாங்கள் சேர்ந்தே நிற்கிறோம். அதைவிட ஒரு படி மேலேகூடச் சொல்வோம். வயலில் பூச்சிமருந்து இறங்கியபோது முதலில் செத்தது எங்கள் குழம்பு. நண்டு போனது, நத்தை போனது, வாய்க்கால் மீன் வயிறு வெளுத்து மிதந்தது. கீரையைப் பறித்தால் மருந்து நெடி அடித்தது. மருந்தைத் தெளித்தவர்களும் நாமே, மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. ஆண்டைக்கு நெல் கூடிய அதே ஆண்டுகளில்தான் நமக்குப் பட்டா இல்லாத உணவெல்லாம் கைவிட்டுப் போனது. அந்த இழப்பு எந்த விளைச்சல் கணக்கிலும் ஏறவில்லை, ஏனென்றால் அந்த உணவு ஒருநாளும் எந்தக் கணக்கிலும் இருந்ததில்லை.

ஆனால் பழைய காலம் திரும்ப வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எங்களால் நிற்க முடியாது. இரசாயனம் இல்லாத அந்த வயலில் சவுக்கு இருந்தது.

இதே காரணத்தால்தான் ரேஷன் அரிசியை இழிவாகப் பேசுவதையும் நாங்கள் ஏற்பதில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி ஏன் அவ்வளவு வேலை செய்தது? அரிசிச்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்றிருந்த வீடுகள் அவ்வளவு இருந்தன. மேற்கிலும் தெற்கிலும் புஞ்சைப் பக்கத்தில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சோளச்சோறும் தின்றவர்களுக்கு வெள்ளைச் சோறு மரியாதையாக இருந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் இலவசம். பண்ணையில் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்ற பயத்தை அந்த இருபது கிலோ அரிசி கொஞ்சமாவது தளர்த்தியது. ஆண்டை ஏசினால் மறுநாள் வேலைக்குப் போகாமல் இருக்கலாம் என்ற தைரியம் அந்தப் பையில் இருந்தது. இலவச அரிசியால் கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நிலமுள்ளவர்கள் புலம்புவதைக் கேட்கும்போது எங்களுக்கு அது புகாராகவே தோன்றுவதில்லை.

அந்த அரிசி தீட்டித் தீட்டி வெளுத்தது, சர்க்கரை நோயைக் கூட்டுகிறது என்கிறார்கள். நம் காலனிகளில் கால் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அதை மறுக்க முடியாது. அப்படியானால் சிறுதானியத்தையும் தீட்டாத அரிசியையும் ரேஷனில் நல்ல விலைக்கு வாங்கி, நமக்கும் விலையில்லாமல் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு நட்சத்திர விடுதிகளில் கம்பு தோசை வந்தது. காலனிக்கு வந்ததாகத் தெரியவில்லை. கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய மாப்பிள்ளைச் சம்பாவை எங்கள் ஆயா வாங்குவதற்கு, நடவுக் கூலியில் எத்தனை மணிநேரம் குனிந்து நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தெலங்கானாவில் ஜஹீராபாத் வட்டாரத்தில், முன்பு மேதக் மாவட்டமாக இருந்த பகுதியில், தலித் பெண்களின் சங்கங்கள் 1980களிலிருந்து இயங்குகின்றன. டெக்கான் வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்போடு சேர்ந்து அவர்கள் செய்தது இதுதான். தரிசாகக் கிடந்த துண்டு நிலங்களைச் சாகுபடிக்குக் கொண்டுவரக் கடன் கொடுத்தார்கள். கடனைப் பணமாக அல்ல, சோளமாகத் திருப்பி வாங்கினார்கள். அந்தச் சோளத்தை ஊரிலேயே சேமித்து, ஊரில் யார் பரம ஏழை என்பதை ஊராரே உட்கார்ந்து முடிவுசெய்து, குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். அரசு ரேஷனுக்கு மாற்றாக, சோளத்திலேயே ஒரு ரேஷன். ஒரே வயலில் பலவகைத் தானியமும் பயறும் கலந்து விதைத்தார்கள், விதையைச் சாம்பலும் வேப்பிலையும் போட்டுத் தங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். 2008இல் தங்களுக்கென்று ஒரு சமுதாய வானொலியும் தொடங்கினார்கள். விதைக் கூடை, தானியக் கிடங்கு, ஒலிவாங்கி மூன்றும் ஒரே பெண்களின் கையில். இங்கே மாட்டு வண்டி ஊர்வலம் நடத்தும் விழாக்களில் நாங்கள் தேடியது அதைத்தான். நிலம் கொஞ்சமேனும் கையில் இருந்ததால் அது நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இன்னொரு கேள்வியும் பாக்கியிருக்கிறது. உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்காத சாதிக்காரர்கள், அது யார் கையிலிருந்து வருகிறது என்று மட்டும் தவறாமல் கேட்கிறார்கள். 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் சமைக்கக்கூடாது என்று ஊரார் பள்ளியைப் பூட்டிப் போராடினார்கள். காலை உணவுத் திட்டம் விரிவான 2023லும் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் அதே பிரச்சினை. அமைச்சரும் ஆட்சியரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. நாம் நட்டு, நாம் அறுத்து, நாம் மூட்டை தூக்கிய அரிசியில் தீட்டு ஏறவில்லை. அதை நாம் வேகவைத்ததும் ஏறிவிடுகிறது. நெருப்பு எல்லாவற்றையும் சுத்தமாக்கும் என்று சொல்லும் சாத்திரக்காரர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னால் தேவலை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததை நினைத்தால் விளக்கமும் வேண்டாம் என்று தோன்றுகிறது.

நேரமாகிவிட்டது, அடுப்படியிலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டுப் போயிற்று. நம் தோழரின் வழக்கப்படி இன்றைய சாப்பாட்டின் கணக்கைச் சொல்லி நிறுத்துகிறோம். அரிசி நம் பக்கத்துத் தோழர்கள் குத்தகை நிலத்தில் போட்ட பூங்கார். உரம் மாட்டுச் சாணமும் கொளுஞ்சியும். அறுப்புக்கு ஊர்க்கூலியைவிட ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்றும் சொன்னார்கள். குழம்புக்கு நண்டு வயல் நண்டு அல்ல, கடைத்தெருவில் வாங்கிய கடல் நண்டு. வயல் நண்டு இரண்டு நாள் தேடியும் ஒரு சட்டிக்குச் சேரவில்லை. கீரை நம் காலனிக் கொல்லையில் பறித்தது. சமைத்த ஐந்து பேரும் இந்த உரை முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். நெல் திருவிழாவுக்கு எங்களோடு வந்த ஆயாவும் முன்வரிசையில் இருக்கிறார். முதல் பந்தியில் அவரும் சமைத்தவர்களும் உட்காரட்டும், இன்றைக்கு நாங்கள் பரிமாறுகிறோம்.